குதிரை வாகனமல்ல

போன மாதம் கள்ளக்குறிச்சியில் செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. ஓய்வு பெற்ற எங்களில் நாலைந்து பேரையும் மரியாதைக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் வகுப்பெடுத்தார். திரையில் ஒரு படம் போட்டார். தொப்பி, பூட்ஸ், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் ஒரு குதிரை, அதன்மேல் சிரித்தபடி ஒரு பெண் அதிகாரி. குதிரையேற்றம் தன்னம்பிக்கையை வளர்க்கும், மனதைச் சமநிலையில் வைக்கும், வாரம் ஒருமுறை போய்வந்தால் போதும் என்றார். ஆறு நாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செல்போனில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் அதைப் பணிவோடு குறித்துக்கொண்டார்கள்.

டீ கொடுக்கும்போது ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"மேடம், நீங்க கல்வராயன் மலையில இருக்கறப்ப குதிரையிலதான் போவீங்களாமே, நெஜமா?"

"நெஜந்தாம்மா."

"அப்ப அவரு சொல்றது கரெக்ட்டா?"

"கரெக்ட்டுதான். ஆனா அவரு தொப்பியிலேர்ந்து ஆரம்பிக்கறாரு. நா கீழ வுழுந்ததுலேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மணலூர்பேட்டை. கிராம சுகாதார செவிலியர் பயிற்சியில் எங்களுக்குப் பிரசவம் பார்க்கவும், ஊசி போடவும், கணக்கு எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். அழாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கவில்லை. நான் எதற்கும் அழுவேன். அழாத நேரத்தில் கத்துவேன். இரண்டுக்கும் நடுவில் என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. இப்படிப்பட்டவளுக்கு அரசாங்கம் யோசித்துக் கல்வராயன் மலையில் வேலை கொடுத்தது. என் பொறுப்பில் இருந்த குடியிருப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகட்டில் இருந்தன. நடுவில் ஓடை, பாறை, முள். பஸ் ஒரு பாதி தூரம் வரும், அதுவும் அதற்கு மனசிருந்தால். ஊர் சுற்றுவதற்கு சைக்கிள் வாங்க முன்பணம் கிடைக்கும் என்று எனக்கு உத்தரவு வந்திருந்தது. அந்த மலையில் சைக்கிளை நான் ஓட்ட முடியாது, தோளில் சுமக்கத்தான் முடியும்.

மலையிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் சபாபதி இருந்தார். கடலூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். குரல் உயர்த்தவே மாட்டார். நாம் ஏதாவது கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மேஜையிலிருந்து ஒரு பென்சிலையும் பிளேடையும் எடுப்பார். நாம் பேசப்பேச அவர் சீவிக்கொண்டே இருப்பார். முனை கூராகிவிட்டால் நம் நேரம் முடிந்தது. அப்போது தலையைத் தூக்கி, "சரி, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்பார். அவ்வளவுதான். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருகுகிறது என்றாலும் அதே கேள்வி. தாய்மார்கள் குழந்தையை ஒளித்துவைக்கிறார்கள் என்றாலும் அதே கேள்வி. முதல் மாதம் அவர் அறையிலிருந்து நான் மூன்று தடவை அழுதுகொண்டு வெளியே வந்திருக்கிறேன். இவருக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் நம்மைக் கேட்கிறார் என்று நினைத்தேன். வெகு நாள் கழித்துத்தான், அவருக்குப் பதில் தெரிந்தாலும் கேட்பார் என்று புரிந்தது.

குதிரை வந்தது, நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகியதால்தான்.

எங்கள் துணை சுகாதார மையத்துக்குப் பக்கத்து வீட்டில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். புருஷன் இல்லை. மட்டக்குதிரை ஒன்று வைத்துக்கொண்டு, மலையில் விளையும் புளி, கடுக்காய், சாமை எல்லாவற்றையும் கீழே சந்தைக்கு ஏற்றிப்போய், திரும்பும்போது உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவருவாள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறி நான் வந்துகொண்டிருந்த ஒரு நாள், வழியில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்தப் பொட்டியக் குடு நர்சம்மா. இது சும்மாதான வருது."

பெட்டி குதிரைமேல் ஏறியது. ஒரு பக்கம் தடுப்பூசிப் பெட்டி, மறுபக்கம் அதே கனத்துக்குப் பிரசவப் பை. கனம் ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் குதிரை அந்தப் பக்கம் ஒருக்களித்து நடக்கும், பாதையோரப் பாறையில் உரசிக் கண்ணாடி சிரிஞ்சுகளை உடைத்துவிடும். அதனால் கிளம்புமுன் இரண்டு பைகளையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்துச் சமமாக்குவேன். குறைகிற பக்கத்தில் ஒரு கூழாங்கல்லைப் போடுவேன். முதுகில் மடித்த சாக்கு, அதன்மேல் பழைய கம்பளி, வயிற்றைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையவேண்டும். நுழையாவிட்டால் குதிரை நின்றுவிடும், அதிகமாக நுழைந்தால் நான் விழுந்துவிடுவேன்.

ஆம், கொஞ்ச நாளில் நானும் ஏறிவிட்டேன். காலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது, வேறு வழி இல்லை. சந்தை இல்லாத நாளில் குதிரையை விட்டுக்கொடுத்த வெள்ளச்சி, ஏறவும் சொல்லித்தருவாள் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நா ஏறினதே இல்ல" என்றாள்.

"இத்தினி வருசமா வெச்சிருக்க?"

"எனக்குத்தான் காலு கீதே!"

ஆகவே எனக்குக் கற்றுத்தர யாரும் இல்லை. விழுந்தேன். ஓடையில் ஒருமுறை, கள்ளிச்செடியில் ஒருமுறை, டாக்டர் சபாபதியின் ஜன்னலுக்கு நேராக ஒருமுறை. மூன்றாவதை அவர் பார்த்தார். பென்சிலை எடுத்தது மட்டும் தெரிந்தது.

ஒரு நாள் ஒரு வீட்டில் குழந்தைக்கு ஊசி போடப் போனேன். தாய் குழந்தையைத் தானியக் குதிருக்குப் பின்னால் மறைத்துவிட்டாள். புருஷன் என் எதிரில் நின்று, "புள்ளயே இல்ல, எந்தப் புள்ள?" என்றான். பின்னாலிருந்து குழந்தை இருமியது. அவன் கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இருக்கிற கத்தலையெல்லாம் கத்திவிட்டு, வெளியே வந்து குதிரைமேல் ஏறி, காலால் உதைத்தேன். அது நகரவில்லை. இன்னும் ஓங்கி உதைத்தேன். கழுத்தைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து புல் மேய ஆரம்பித்தது. ஊரே பார்க்க, மேய்கிற குதிரைமேல் ஒரு அரசு ஊழியர்! இறங்கவும் மானம் விடவில்லை. உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, போனது. கோபம் தீர்ந்து, தொடை தளர்ந்து, மூச்சு வயிற்றுக்கு இறங்கியபோது அது தானாகத் தலையைத் தூக்கி ஓரடி வைத்தது. அதற்குள் அந்தத் தாய் குழந்தையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இம்மா நேரம் கொலச்சிக்கினு இருந்தியே, இப்பிடிச் சும்மா குந்தியிருந்தா மொதல்லயே குடுத்திருப்பனே" என்றாள்.

அந்தக் குதிரை எனக்கு நல்லது செய்ய நினைத்தது என்று நான் சொல்லமாட்டேன். முதுகில் இறுக்கமாக ஒருத்தி உட்கார்ந்தால் அதற்கு வலித்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் உள்ளே என்னவாக இருக்கிறேன் என்பதை என்னைவிட முன்னால் தெரிந்துகொண்டு நின்றுவிடுகிற ஒரு ஜீவனோடு தினமும் வேலைக்குப் போனால், மனுஷி கொஞ்சம் மாறத்தான் வேண்டியிருக்கிறது. சீக்கிரம் வீடு போய்ச் சேரவாவது மாறவேண்டியிருக்கிறது. டாக்டரின் அறையில் நான் அழுவது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. நின்றதும் அவர் பென்சில் சீவும் நேரம் குறைந்தது. அது மட்டும் தெரியும்.

இடையில், குதிரையில் போகிறேன், பயணப்படியில் சேர்க்கலாமா என்று மேலே கேட்டிருந்தேன். விதிகளின்படி குதிரை வாகனமல்ல என்று பதில் வந்தது.

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் கீழே வெடித்தது அந்தச் சமயத்தில்தான். மலையில் எங்களுக்குப் போராட்டம் முதலில் உப்பாகத்தான் தெரிந்தது. சந்தை கூடவில்லை, உப்பு வரவில்லை. பிறகு பஸ் நின்றது. சாலையெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள், சைக்கிள்கூட போகமுடியாது என்றார்கள். எங்கள் மணலூர்பேட்டைப் பிள்ளைகளும் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சாலைகளில் சில வீட்டுப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிச் சூட்டில் நேர்ந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. நான் சொல்வது எனக்கு நேர்ந்ததை மட்டும்.

அந்த வாரம் மழை பெய்து, ஓடைக்கு மேலிருந்த ஒரு குடியிருப்பின் ஊற்றில் அசுத்தம் கலந்துவிட்டது. வாந்தி, பேதி. முதல் நாள் இரண்டு வீடு, மூன்றாம் நாள் எல்லா வீடும். ஊற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டேன். உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து வீடு வீடாகக் கொடுத்தேன். பொட்டலம் தீர்ந்ததும் அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தோம். குடிக்க முடிந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். குடிக்க முடியாதவர்களுக்கு சலைன் ஏற்றவேண்டும். நிலையத்தில் இருந்த பாட்டில்கள் இரண்டு நாளில் காலி. கீழிருந்து வண்டி வரவில்லை, வராது.

வெள்ளச்சியின் தங்கை பூங்காவனம் அந்தக் குடியிருப்பில் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கண் குழிவிழுந்து, உதடு ஒட்டி, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே மடிந்து நின்றது. மணிக்கட்டில் நாடியைத் தேடவேண்டியிருந்தது. கடைசி பாட்டிலை அவளுக்குத்தான் ஏற்றினார் டாக்டர். அது பாதி இறங்கியபோது நான் அவரிடம் போனேன். அவர் சட்டைப் பையில் பென்சில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"சார், நா குதிரையில கள்ளக்குறிச்சி போறேன்."

"வழியெல்லாம் மரம்."

"குதிரை சுத்திக்கினு போவும் சார்."

"ஆளுங்க?"

மருந்துச் சீட்டை அவர் முன் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "நான் இங்கேயே இருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் இந்த ஊரைவிட்டு நகரமாட்டேன். யாராவது கேட்டா நான் அனுப்பினேன்னு சொல்லுங்க" என்றார். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்காமல் அவர் பேசிய முதல் தடவை அதுதான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டிப் பெரிய சாலையை அடைந்தேன். முதல் மரத்தைக் கரும்புக்காட்டு வரப்பில் சுற்றிக் கடந்தோம். இரண்டாவது மரத்தடியில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். டயர் எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நாலு பேர் எழுந்து ஓடிவந்தார்கள்.

"எங்கக்கா போற? நில்லு, நில்லு!"

"கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப்பா. மலையில பேதி. சலைன் வேணும்."

"எந்த வண்டியும் வுடக்கூடாதுன்னு முடிவு."

"இது வண்டி இல்லப்பா, குதிர."

"மேல ஏறிக்கினு வந்தா வண்டிதான்" என்றான் ஒருத்தன்.

"அப்ப ஒங்க மாமன் தோள்ல நீ ஏறிக்கினு திருவிழா பாத்தியே, அவரு இன்னா, பஸ்ஸா?" என்றான் இன்னொருத்தன். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் எவனோ தகர டின்னைத் தடியால் ஓங்கி அடித்தான்.

குதிரை முன்னங்காலைத் தூக்கிவிட்டது. பின்னால் எரிகிற டயர், முன்னால் மரம், சுற்றிலும் ஆட்கள். இறங்கினால் மிதிபடுவேன், இறுக்கிப் பிடித்தால் அது மிரண்டு கூட்டத்துக்குள் பாயும். பிறகு அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள், நினைக்கவே வேண்டாம். எனக்குத் தைரியம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆனால் கை தானாகத் தாழ்ந்து கயிற்றைத் தளர்த்தியது. தொடை தளர்ந்தது. மூச்சை நீளமாக விட்டு, மறு கையை அதன் கழுத்தில் வைத்து, வீட்டில் பேசுவதுபோல, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, டின்னுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியாது. குதிரை கால் ஊன்றியது. மேலெல்லாம் நடுங்கியது, நின்றது. டின் வைத்திருந்தவன் அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

அப்போது தொண்டை கட்டிப்போன ஒரு பெரியவர் முன்னால் வந்தார். கரும்பு விவசாயி என்று பின்னால் தெரிந்தது. நாலு நாளாகக் கோஷம் போட்டுக் குரலே இல்லை. குதிரையைச் சுற்றி ஒரு நடை நடந்து, வால் பக்கம் நின்று பார்த்தார்.

"நம்பர் பிளேட்டு இல்ல" என்றார்.

"இல்லீங்க."

"லைசென்சு?"

"கெடையாதுங்க."

"அப்பறம் இன்னாடா வண்டி? வுடுங்கடா." பிறகு என்னிடம், "எத்தினி பேருக்கும்மா முடியல?" என்று கேட்டார். சொன்னேன். "திரும்பி வா. நாங்க இங்கதான் குந்திக்கினு கீறோம்" என்றார்.

இப்படியாக, அந்த வருடத்தில் அரசாங்கமும் போராட்டக்காரர்களும் ஒரே முடிவுக்கு வந்த ஒரே விஷயம் என் குதிரைதான்.

ஊர் எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் மறித்தார். தடை உத்தரவு போட்டிருக்கிறது, ஐந்து பேருக்குமேல் கூடக்கூடாது, வாகனம் போகக்கூடாது என்றார். நான் ஒருத்தி, இது ஒன்று, மொத்தம் இரண்டு என்றேன். அவர் நிஜமாகவே யோசித்துவிட்டு வழி விட்டார்.

ஆஸ்பத்திரியில் சலைன் இருந்தது. அப்போதெல்லாம் கண்ணாடி பாட்டில். வைக்கோல் சுற்றி, சாக்கில் அடுக்கி, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டினோம். கட்டி முடித்தபோதுதான் பார்த்தேன், நான் உட்கார இடம் இல்லை. ஆகவே என்னுடைய புகழ்பெற்ற குதிரைச் சவாரியில் திரும்பிவரும் பாதி முழுவதும் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். படத்தில் சிரிக்கிற பெண் அதிகாரிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

மரத்தடிக்கு வந்தபோது பையன்கள் எழுந்தார்கள். கரும்புக்காடு மழையில் சேறாகிவிட்டிருந்தது, குதிரை வழுக்கினால் பாட்டில் போய்விடும். பெரியவர் குரலே இல்லாமல் கையைக் காட்டினார். மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரிசையாக நின்று, பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றிக் கடத்தினார்கள். கனமில்லாத குதிரையைக் கிளை ஒன்றை வெட்டி வழி செய்து நடத்திப்போனார்கள். டின் அடித்தவன் ஒவ்வொரு பாட்டிலையும் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக் கொடுத்தான். மறுபடி அடுக்கிக் கட்டியதும் மரத்தடியில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கோஷம் போட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலை மலையேறினோம். டாக்டர் சொன்னபடி அங்கேயே இருந்தார். சட்டை முழுக்கக் கஞ்சி. ஒரு கிழவர் மட்டும் நாங்கள் வருமுன் போய்விட்டிருந்தார். மற்ற எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பூங்காவனமும் எழுந்தாள். ஆனால் வயிற்றில் குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை. காது வலிக்க வலிக்கக் குழலை வைத்துப் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். நாலாம் நாள் வலி எடுத்தது. நான்தான் கூட இருந்தேன். பெண் குழந்தை, முழு உருவம். துணியில் சுற்றி வெள்ளச்சியிடம் கொடுத்தேன். பூங்காவனம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினால் அவளும் உடைந்துவிடுவாள் என்று தெரிந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அழுது முடிக்கும்வரை அசையாமல் இருந்தேன். எனக்கு வந்த அழுகை எங்கேயும் போய்விடவில்லை. அது காத்திருந்தது, அவ்வளவுதான்.

அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டுச் சென்றது ஏன் என்று ஒரு விளக்கம் கேட்டு மேலிருந்து ஓலை வந்தது. டாக்டர் சபாபதி என்னை ஒன்றும் எழுத வேண்டாம் என்றார். அவரே எழுதினார். "அனுப்பியவன் நான்." அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அதன்பிறகு அவரை யாரும் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நாளில் வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள்.

பூங்காவனத்துக்கு அடுத்த இரண்டு வருடத்தில் ஒரு பையன் பிறந்தான். நான்தான் பார்த்தேன்.

பிறகு எனக்கும் மாற்றல் வந்தது, தியாகதுருகம் பக்கம். சமவெளி, தார்ச்சாலை. மொபெட் வாங்க முன்பணம் உடனே கிடைத்தது. அது சந்தேகத்துக்கு இடமில்லாத வாகனம். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. நான் கோபமாக ஏறினாலும் ஓடியது. அழுதுகொண்டு ஏறினாலும் ஓடியது. என் மனசு எப்படி இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஒரு நாள் ஒரு வீட்டில் சண்டை போட்டுவிட்டு அதே வேகத்தில் கிளம்பி, ஒரு மாட்டு வண்டிக்கு அடியில் போகப் பார்த்தேன். அன்றிலிருந்து குதிரை செய்த வேலையை நானே செய்யவேண்டியதாயிற்று. ஏறி உட்கார்ந்து, கையைத் தாழ்த்தி, மூச்சு இறங்கும்வரை சும்மா இருப்பேன். பிறகுதான் கிளப்புவேன்.

ஓய்வு பெறும்வரை அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? தெருவுக்கு ஒருவராவது வேலையை விட்டுவிட்டு ஓடிவருவார்கள்.

"இன்னா சிஸ்டர், ஸ்டார்ட் ஆவலையா? தள்ளி வுடட்டா?"

"வேணாம்பா. வண்டி நல்லாத்தான் கீது" என்பேன்.